ரசத்தின் கடைசி எழுத்து

திரையில் இருந்த பெண் ‘அம்மா’ என்று சொன்னாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பையன் நோட்டில் ‘அன்னா’ என்று எழுதினான். பக்கத்தில் இருந்த சிறுமியும் அதையே எழுதியிருந்தாள். சொல்வதைக் கேட்டு எழுதுவதற்காக நான் எடுத்துவைத்திருந்த பத்துச் சொற்களில் இதுதான் எளிதிலும் எளிது. வீட்டில் எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலைத் தவிர வேறொன்றும் பேசாத பிள்ளைக்கும் தெரிந்த தமிழ்ச் சொல். ஒலிபெருக்கியில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி, திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒலியை மட்டும் மறுபடியும் போட்டேன். பதினான்கு பேரும் ‘அம்மா’ என்று சரியாக எழுதினார்கள்.

அன்று இரவு, செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றில் நான் செய்த அந்த வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். வினாடிக்கு 25 ஃபிரேம். ஒன்றுக்கு 40 மில்லிவினாடி. ‘ம்மா’ ஒலிக்கும் இடத்தில் அவளுடைய உதடுகள் நெருங்கி வந்தன, தொடவில்லை. பல் தெரியும் அளவுக்கு ஓர் இடைவெளி கடைசிவரை இருந்தது. அத்தனை அழகான முகம், அத்தனை தெளிவான குரல். அந்தக் குரல் வந்ததோ வேறு யாருடைய வாயிலிருந்தோ.

நான் மொரிஷியஸில், ரோஸ்ஹில் பக்கம், சனிக்கிழமைதோறும் கோவிலை ஒட்டிய கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு, தமிழ் எண்ணும் உண்டு. தைப்பூசக் காவடிக்கு நாடு முழுவதும் விடுமுறை. தொடக்கப் பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாக எடுக்கலாம். மோக்காவில் 1970-இல் உருவான மகாத்மா காந்தி நிறுவனம் அதற்குப் பாடநூல்கள் ஆக்கித் தருகிறது. எழுத்துக்கு இங்கே குறைவில்லை. குறைவு வாய்க்குத்தான். பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், தொலைக்காட்சியில் பிரெஞ்சு கேட்கிறார்கள், பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். தமிழ் பேசும் ஒரு முகத்தை நேருக்கு நேராகப் பார்க்கும் நேரம் அவர்களுக்கு வாரத்தில் மிகச் சிறிது. அதுவும் பலருக்கு என் முகம் ஒன்றுதான்.

கைக்குழந்தை எங்கே பார்க்கிறது என்று அளந்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. நான்கு மாதத்தில் பேசுபவரின் கண்ணைப் பார்க்கும் குழந்தை எட்டு மாதத்தில் வாயைப் பார்க்கத் தொடங்குகிறது. ஒரு வயது ஆகும்போது, தன் வீட்டு மொழி என்றால் பார்வை மறுபடி கண்ணுக்குத் திரும்பத் தொடங்குகிறது. பழக்கமில்லாத மொழி என்றால் வாயிலேயே நிற்கிறது. இதைப் படித்தபோது என் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. நான் பேசும்போது அவர்கள் என் கண்ணைப் பார்ப்பதில்லை. என் உதட்டைத்தான் பார்க்கிறார்கள்.

அதனால்தான் பேசும் பாத்திரம் ஒன்றைச் செய்துபார்க்க ஆசைப்பட்டேன். பிள்ளைகள் வீட்டிலும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக்கூடிய, சலிக்காமல் பத்து முறை ‘பழம்’ என்று சொல்லக்கூடிய ஒரு வாய். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு இதற்கு ஸ்டூடியோவும் வேண்டாம், அனிமேஷன் கலைஞர்களின் படையும் வேண்டாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். முதல் முயற்சியில் அது உண்மை போலவே தோன்றியது. ஓர் இணையச் சேவையில் முகத்தை ஏற்றினேன், ஒலிப்பதிவை ஏற்றினேன், மூன்று நிமிடத்தில் அவள் பேசினாள். பார்த்த மாத்திரத்தில் எனக்கு உடல் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பில் நான் அவள் உதட்டைக் கவனிக்கவில்லை. பிள்ளைகள் கவனித்தார்கள்.

அவர்கள் காதில் குறையில்லை. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1976-இல் இதைக் காட்டினார்கள். ‘பா’ என்ற ஒலியோடு ‘கா’ என்று சொல்லும் வாயை இணைத்து ஓடவிட்டால், பார்ப்பவர் பலருக்கு ‘தா’ என்று கேட்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் மறுபடி ‘பா’. மூளை, காது சொல்வதையும் கண் சொல்வதையும் சேர்த்துத்தான் ஒலியை முடிவு செய்கிறது. இரண்டும் முரண்பட்டால் சில வேளை நடுவில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. காதுக்கு ‘ம்’ வந்தது, கண்ணுக்கு மூடாத உதடு தெரிந்தது. மூக்கொலியும் வேண்டும், உதடும் மூடக்கூடாது என்றால் மிச்சம் இருப்பது ‘ன்’. பிள்ளைகள் எழுதியது தவறே இல்லை. கண்ணும் காதும் கொடுத்ததை அப்படியே எழுதினார்கள்.

ஒரு விளம்பரத்துக்கோ அலுவலக அறிவிப்புக்கோ இந்தப் பிழை பெரிதில்லை. மொழி தெரிந்தவர் உதட்டை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் தெரிந்த சொல்லை மூளை பெரும்பாலும் திருத்திக்கொள்ளும். மொழியைக் கற்கிறவருக்கு அந்த உதடுதான் பாடநூல். பாடநூலில் அச்சுப்பிழை இருந்தால் நாம் எவ்வளவு சண்டை போடுகிறோம்!

ஏன் மூடவில்லை என்று தேடப் போனதில்தான் இந்தக் கருவிகளின் உள்வேலை எனக்குக் கொஞ்சம் புரிந்தது. இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும் வேவ்-டு-லிப் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டது. அது ஒலியை முதலில் ஒரு படமாக மாற்றிக்கொள்கிறது: எந்த நொடியில் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருந்தது என்று காட்டும் கோலம். அந்தக் கோலத்துக்கு ஏற்ற வாயை ஒரு நரம்பு வலைப்பின்னல், அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் நிரல், வரைகிறது. இன்னொன்று தேர்வாளரைப் போல உட்கார்ந்து, ஐந்து ஐந்து ஃபிரேமாக எடுத்து, ‘இந்த உதடும் இந்த ஒலியும் பொருந்துகிறதா’ என்று மதிப்பெண் போடுகிறது. பி.பி.சி. தொலைக்காட்சிப் பேச்சுகளைத் திரட்டிய தொகுப்பில் அதைப் பழக்கியிருக்கிறார்கள். எந்த மொழி ஒலியையும் அது ஏற்கும். கற்றுக்கொண்ட வாய்கள் மட்டும் ஆங்கிலம் பேசிய வாய்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த முதல் வடிவம் முகத்தை 96-க்கு 96 புள்ளிகள் கொண்ட சின்னச் சதுரமாகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. அந்தச் சதுரத்தில் உதட்டுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. மூடியதா, சற்றே திறந்ததா என்பது ஓரிரு புள்ளிகளின் வேறுபாடு. பிறகு வந்த கருவிகள் நிறைய முன்னேறிவிட்டன. 2023-இல் வந்த சாட்டாக்கர் ஒரே ஒரு புகைப்படத்திலிருந்து முப்பரிமாண முக அளவுகளைக் கணித்து, தலையையும் அசைக்கிறது, கண்ணையும் சிமிட்ட வைக்கிறது. ஆனால் ஒலியிலிருந்து வாயைக் கணிக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரு பொதுக் குணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. அவை பல்லாயிரம் வாய்களின் சராசரியைத் தருகின்றன. சராசரி எடுத்தால் முதலில் காணாமல் போவது, கண நேரத்தில் நடந்து முடியும் உதட்டு மூடல்தான்.

எனவே இரண்டாவது வழிக்குப் போனேன். இது பழைய அனிமேஷன்காரர்களின் வழி. சில வாய் வடிவங்களை முன்கூட்டியே வரைந்துவைத்துக்கொண்டு, எந்த ஒலிக்கு எந்த வாய் என்று மாற்றி மாற்றிக் காட்டுவது. ரூபார்ப் என்ற இலவசக் கருவி ஒலிப்பதிவைக் கேட்டு இந்த வரிசையைத் தானே எழுதித் தரும். அதில் ஆறு வாய்கள் கட்டாயம், மூன்று விருப்பம். ஆங்கிலத்துக்கு ஒரு முறையும், மற்ற மொழிகளுக்கு ஒலியை மட்டும் வைத்து ஊகிக்கும் ஒரு முறையும் இருக்கின்றன. தமிழுக்கு இரண்டாவதை வைத்துத் தொடங்கி, கிடைத்த வரிசையைக் கையால் திருத்தினேன்.

திருத்துவதற்கு ஓர் அட்டவணை வேண்டுமே! தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் வாய் எப்படி இருக்கும் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். தேடிய பிறகுதான், படித்த காலத்தில் மனப்பாடம் செய்து மறந்த தொல்காப்பியப் பிறப்பியல் நினைவுக்கு வந்தது. அ, ஆ இரண்டும் அங்காந்து இயலும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து இயலும். பகாரமும் மகாரமும் இதழ் இயைந்து பிறக்கும். பல்லும் இதழும் இயைய வகாரம் பிறக்கும். தேர்வுக்காகப் படித்தபோது இவை வெறும் நூற்பாக்கள். அனிமேஷன் மென்பொருளுக்கு முன்னால் உட்கார்ந்து படித்தபோது, ஒரு வாயை உற்றுப் பார்த்துக்கொண்டே எழுதிய குறிப்பு என்று தோன்றியது. அங்காந்த வாய், குவிந்த வாய், மூடிய வாய், பல் தொட்ட வாய் என்று அப்படியே ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வைத்தேன். இன்றும் என் கணினிக் கோப்பில் அவற்றின் பெயர்கள் அவைதான்.

நூற்பாவில் இல்லாததைப் பேச்சு சொல்லிக்கொடுத்தது. முதல் பாடமாக நூறு ரூபாய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாத்திரம் ‘நூறு’ என்று படிக்கும் காட்சியை அமைத்தேன். அட்டவணைப்படி ‘நூ’வுக்கும் குவிந்த வாய், ‘று’வுக்கும் குவிந்த வாய். ஓடவிட்டுப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர் ஒருவர் தமிழ் பேசுவது போல இருந்தது. கண்ணாடி முன் நின்று நானே சொல்லிப் பார்த்தேன். ‘நூ’வில் உதடு குவிகிறது, கடைசி ‘று’வில் குவியவே இல்லை, தளர்ந்து சும்மா கிடக்கிறது. அது குற்றியலுகரம். அரை மாத்திரைதான் அதற்கு. என் பிள்ளைகள் ‘பாட்டு’ என்பதைப் ‘பாட்டூ’ என்று உதட்டைக் குவித்துச் சொல்வதை எத்தனை ஆண்டு திருத்தியிருப்பேன்! ‘குறுக்கு, குறுக்கு’ என்று சொல்வேனே தவிர, ‘உதட்டைக் குவிக்காதே’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அடுத்த சனிக்கிழமை அதை மட்டும் சொன்னேன். அன்றைக்கே பாதிப் பேருக்குச் சரியாகிவிட்டது.

வகாரத்திலும் அதே கதை. விருப்ப வாய்களில் மேற்பல் கீழுதட்டைக் கடிப்பது போல ஒன்று உண்டு. ஆங்கில f, v ஒலிகளுக்காக வரைந்தது. அதை ‘வாழைப்பழம்’ என்ற சொல்லில் வைத்தால் ஏதோ கோபத்தில் பேசுவது போல ஆகிவிடுகிறது. தமிழ் ‘வ’ அவ்வளவு அழுத்துவதில்லை; பல் உதட்டைத் தொட்டும் தொடாமலும் போகிறது. அதற்கென்று தனியாக ஒரு வாய் வரைந்தோம். ‘அப்பா’வுக்கும் ‘அபாய’த்துக்கும் ஒரே வாய்தான், ஆனால் முன்னதில் மூடியே இருக்கும் நேரம் நீளம், ஒற்றின் அரை மாத்திரையை ஃபிரேம்களில் எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. ழகரத்துக்கு உதட்டால் ஒரு பயனும் இல்லை. நுனி நாக்கு மேலே வளைந்து அண்ணத்தை வருடுவது பற்களுக்குப் பின்னால் நடக்கிறது. எந்தக் கருவியும் அதைக் காட்டாது. வாயைக் குறுக்கே வெட்டியது போல ஒரு படம் வரைந்து தனியாக ஓடவிட்டோம்.

‘வரைந்தோம்’ என்று சொல்வது என் பழைய மாணவனையும் சேர்த்து. இப்போது க்யூர்ப்பிப்பில் விளம்பரப் பலகை வரையும் தொழில் செய்கிறான். முகத்தை அவன் கையால் வரைய வைத்ததற்குக் காரணம் உண்டு. பட உருவாக்கக் கருவிகளிடம் ‘தமிழ்ப் பாட்டி’ என்று கேட்டால் பட்டுப்புடவையும் கழுத்து நிறைய நகையுமாக ஓர் அம்மையாரைத் தந்தன. எங்கள் ஊர்ப் பாட்டிகள் வீட்டில் பூப்போட்ட கவுன் போட்டிருப்பார்கள், புடவை கோவிலுக்கு. எவ்வளவு விளக்கிச் சொல்லியும் அந்தக் கவுன் சரியாக வரவில்லை. மாணவன் ஒரே மாலையில் வரைந்தான்: நரைத்த கொண்டை, சிறிய பொட்டு, தகரக் கூரைத் தாழ்வாரம், பின்னால் கோர் தெ கார்ட் மலை, அதன் சரிவில் முருகன் கோவில். பிள்ளைகள் பார்த்ததும் ‘மிஸ், இது எங்கள் வீட்டுப் பக்கம்!’ என்று கூவினார்கள்.

புகைப்படம் போன்ற முதல் பெண்ணை அவர்கள் அப்படி வரவேற்கவில்லை. சின்னவள் ஒருத்தி, அந்தப் பெண் தன்னையே பார்ப்பதாகச் சொல்லி இடம் மாறி உட்கார்ந்தாள். ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இலேயே எழுதியதுதான்: மனித உருவத்தை நெருங்க நெருங்க ஒரு பொம்மையின் மீது நமக்கு விருப்பம் கூடும், மிக நெருங்கிய ஓரிடத்தில் திடீரென்று பள்ளத்தில் விழுவது போல அருவருப்பாக மாறும். வரைந்த முகத்துக்கு அந்தப் பள்ளம் இல்லை. கன்னத்தின் தோலும் முடியின் இழையும் உண்மை போல இருக்க வேண்டும் என்று இந்தக் கருவிகளைச் செய்கிறவர்கள் பாடுபடுகிறார்கள். எனக்கு அது வேண்டாம். மூக்கைக் கோடாக வரைந்தாலும் பிள்ளை ஏற்றுக்கொள்கிறது. உதடு பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது.

குரலுக்கு வருகிறேன். எழுத்தைக் கொடுத்தால் தமிழில் பேசும் செயற்கைக் குரல்கள் இன்று நன்றாகவே இருக்கின்றன. மைக்ரோசாப்டின் பட்டியலில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு நாட்டுத் தமிழுக்கும் தனித்தனிக் குரல்கள் உண்டு. பல்லவி, வள்ளுவர், வெண்பா என்று பெயர்கள்கூட அழகு. மொரிஷியஸ் தமிழுக்குக் குரல் இல்லை. இங்கே இருப்பது என் அத்தையின் குரல்.

அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. கிழக்கே ஒரு கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் சிறுமியாக இருந்த நாளில் அங்கே பெரியவர்கள் தங்களுக்குள் தமிழ்தான் பேசினார்கள். எங்கள் குடும்பத்தில் யோசிக்காமல் தமிழ் பேசக்கூடியவர் இப்போது அவர் ஒருவரே. பத்து ஆண்டுகளுக்கு முன் காது மங்கத் தொடங்கியது. கருவியைச் செருகிக்கொள்வது அவருக்குப் பிடிக்காது; எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார். கிரியோலையும் தமிழையும் உதட்டிலேயே படித்துவிடுவார்.

அவருடைய பதிவைச் சில நிமிடங்கள் எடுத்துக் கொடுத்தால் அதே குரலில் எதை வேண்டுமானாலும் பேச வைக்கும் கருவிகள் இருக்கின்றன. அதை அத்தையிடம் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, ‘நான் சொல்லாததை என் வாயால் சொல்ல வைக்காதே அம்மா’ என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. பாத்திரம் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அத்தை ஒரு நாள் உட்கார்ந்து சொன்னதுதான். நூறு சொல் என்றால் நூறையும் அவர் சொல்ல வேண்டும். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. இதற்கு மேல் வேகம் எனக்கு வேண்டியதில்லை. ஒரு மொழியின் வாய்கள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வரும்போது, இருக்கிற வாயை மதிப்பதுதான் முதல் வேலை என்று நம்புகிறேன்.

கைப்படத் திருத்திய இரண்டாவது பாத்திரத்தை அத்தையிடம் ஒலியில்லாமல் காட்டினேன். இதைவிடக் கடுமையான தேர்வு எனக்குத் தெரியவில்லை. ‘அப்பா’, ‘நூறு’, ‘வா’ எல்லாவற்றையும் படித்துவிட்டார். ‘பால்’ என்பதற்கும் ‘மால்’ என்பதற்கும் மட்டும் தடுமாறினார். உதட்டில் இரண்டும் ஒன்றுதான், வேறுபாடு யார் கண்ணுக்கும் தெரியாது. நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, ‘ஆனால் இவள் பேசவில்லை, பாடம் ஒப்பிக்கிறாள்’ என்றார். அவர் சொன்னது சரி. வாய் ஒவ்வோர் எழுத்துக்கும் போய் நின்று நின்று வந்தது. முகத்தில் மற்ற எதுவும் வாயோடு சேர்ந்து அசையவில்லை.

மூன்றாவது வழியை 2024-இல் வந்த லைவ்போர்ட்ரெய்ட் திறந்துவிட்டது. இது ஒலியைக் கேட்பதே இல்லை. உண்மையான ஒருவர் பேசும் வீடியோவைக் கொடுத்தால், அவருடைய முக அசைவை எடுத்து ஓர் ஓவியத்தின் மேலோ புகைப்படத்தின் மேலோ ஏற்றிவிடுகிறது. அத்தை பேச, ஓவியப் பாட்டியின் முகம் அசையும். ஆங்கில வாயைத் தமிழாக்கும் வேலையே இல்லை. வாய் முதலிலிருந்தே தமிழ்.

முயல நினைப்பவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியைப் பேசுபவரின் வாய் உயரத்துக்கு நிறுத்துங்கள். கீழிருந்து எடுத்தால் உதட்டு மூடல் கெடுகிறது. வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும். முதல் ஃபிரேமில் முகம் நேராக, வாய் மூடி, சலனமில்லாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் அதிலிருந்துதான் மற்ற எல்லா அசைவும் அளக்கப்படுகிறது. ஒலியைத் தனியாக, துணிமணி நிறைந்த அலமாரிக்கு முன் அமர்ந்து எடுத்தால் எதிரொலி வராது. தகரக் கூரை வீடு என்றால் மழையில்லாத நாளாகப் பார்க்க வேண்டும்; ஜனவரி, பிப்ரவரியில் எங்களுக்கு அப்படி ஒரு நாள் கிடைப்பது அரிது. ஒலியையும் படத்தையும் சேர்க்கும்போது, ஒலி முந்துவதைக் கண் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். 45 மில்லிவினாடி முந்தினாலே தெரியும், 125 வரை பிந்தினாலும் தெரியாது என்பது பன்னாட்டு ஒளிபரப்புத் துறையின் கணக்கு. சந்தேகம் வந்தால் ஒலியை ஒரு ஃபிரேம் பின்னால் தள்ளுங்கள். சக்திவாய்ந்த கணினி என்னிடம் இல்லை. கூகுளின் கணினிகளை இணையம் வழியாகப் பயன்படுத்தத் தரும் கொலாப் சேவையில் இலவசமாகக் கிடைக்கும் நேரத்திலேயே குறும்பாடங்களை முடித்துக்கொள்கிறேன்.

இந்த வழியில் செய்த முதல் பாடத்துக்கு அத்தையைச் சமையலறையிலேயே பதிவு செய்தோம். ரசம் வைப்பதைப் பற்றிப் பேசச் சொன்னேன். அவர் பேசினார், ஓவியப் பாட்டி பேசினாள். புருவம் ஏறியது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது, புளியின் புளிப்பைச் சொல்லும்போது ஒரு கண் சுருங்கியது. மாணவனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இமைப்பொழுதைத்தான் மாத்திரைக்கு அளவாக வைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். அத்தையின் சிமிட்டலும் அவருடைய சொல்லும் ஒரே தாளத்தில் நடப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் நான் வழக்கம்போல் ஃபிரேம் ஃபிரேமாகத் தட்டிப் பார்த்தேன். ‘ரசம்’ என்ற சொல்லின் முடிவில் உதடு மூடவில்லை.

மறுபடியுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ‘மிளகு’வில் ம சரியாக மூடுகிறது, ‘பருப்பு’வில் ப்ப சரியாக மூடுகிறது, ரசத்தின் கடைசி ‘ம்’ மட்டும் திறந்த வாயாகவே முடிகிறது. கருவியின் பிழை என்று முடிவு செய்து, இரண்டு மாலைகள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லின் கடைசி மகர ஒற்றையும் கையால் மூடினேன். ரசம், மரம், பழம், வெல்லம். மிகச் சுத்தமாக வந்தது. அத்தையிடம் காட்டினேன். அவர் முகம் சுளித்தார். ‘யார் இப்படிப் பேசுவார்கள்?’ என்றார்.

‘நீங்கள்தான் அத்தை’ என்றேன். சொல்லிவிட்டுக் கைப்பேசியில் இருந்த மூல வீடியோவைத் திறந்தேன். அத்தை ‘ரசம்’ என்கிறார். மெதுவாக ஓட்டினேன். உதடு மூடவில்லை. ‘ரசோ’ என்று தொடங்கி, ஒலி மூக்குக்குள் போய் முடிகிறது. ‘ரசமும் வேண்டும்’ என்று சொன்ன இடத்தில் ‘ம’வுக்கு முன் உதடு அழகாக மூடித் திறக்கிறது, பின்னால் உயிர் வந்தால் மூடுகிறது, சொல் அங்கேயே முடிந்தால் மூடுவதில்லை. கருவி ஒரு பிழையும் செய்யவில்லை. அத்தையின் வாயைத்தான் உள்ளபடி காட்டியிருக்கிறது. பேச்சுத் தமிழில் சொல்லிறுதி மகரம் மூக்கொலி உயிராகக் கரைந்துவிடும் என்று மொழியியல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். புத்தகத்தில் தெரியும்.

மொரிஷியஸில் வளர்ந்தவர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். ரசத்துக்கு இங்கே கிரியோலில் என்ன பெயர்? ‘ராசோன்’. காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறும்போது எல்லா மதத்தினரும் கேட்டு வாங்கிக் குடிக்கும் ராசோன். இறுதியில் பிரெஞ்சு மூக்கொலி, மூடாத உதடு. இருபது ஆண்டுகளாக என் வகுப்பில் ‘ராசோன் இல்லை, ரசம். உதட்டை மூடு, ம்ம்’ என்று திருத்தி வந்திருக்கிறேன். தமிழ் சிதைந்ததன் அடையாளமாக அந்தச் சொல்லையே எடுத்துக்காட்டாகக் காட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் கொள்ளுப்பாட்டிகள் சமையலறையில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே கிரியோல் அதைக் காதில் வாங்கி, உதட்டோடு காப்பாற்றி வைத்திருக்கிறது. எழுத்தைப் பார்த்துப் படித்த நான்தான் அதைப் பிழை என்றேன்.

அந்த வாரம் வகுப்பில் இதைச் சொன்னேன். நான் சொல்லிவந்தது பாதிதான் சரி என்றும் சொன்னேன். பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அவர்கள் வாயில் இருந்தது தமிழ்தான் என்பது மட்டும் பிடித்திருந்தது. ‘அப்படியென்றால் எங்கள் அம்மா சொல்வது சரி’ என்றான் முன்பு ‘அன்னா’ என்று எழுதியவன்.

இப்போது எங்களிடம் இரண்டு பாட்டிகள் இருக்கிறார்கள். முகம் ஒன்று. கையில் புத்தகம் இருந்தால் அவள் எழுத்தைப் படிக்கிறாள். கடைசி ‘ம்’முக்கு உதடு மூடும். அந்த வாய்களைப் பிறப்பியல் பெயர் வைத்த அட்டவணையிலிருந்து எடுக்கிறோம். அடுப்பங்கரையில் நின்றால் அவள் பேசுகிறாள். அங்கே அத்தையின் வாய்க்கு நான் ஒரு ஃபிரேம்கூடக் கை வைப்பதில்லை. எந்தப் பாட்டி எப்போது வருவாள் என்று பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. எழுதும்போது எழுத்துப் பாட்டி, கேட்கும்போது அடுப்படிப் பாட்டி.

சென்ற ஞாயிறு புதிய பாடத்தை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். காதில் கருவி இல்லை. மடிக்கணினியை எதிரில் வைத்து, ஒலியைப் போடாமலே ஓடவிட்டேன். பூப்போட்ட கவுனில் பாட்டி கரண்டியோடு திரும்பி, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டாள். அத்தை திரையைப் பார்த்துக் கையை நீட்டி மறித்தார்.

‘போதும்’ என்றார். உதடு மூடவில்லை.